வலையமைப்பைப் பேணல்

காலையில் வங்கியின் கதவு திறக்கின்றது. பணம் செலுத்த வந்தோரும் பெற வந்தோரும் வரிசையில் நிற்கின்றனர். எழுத்தர் கணக்கு எண்ணைக் கணிப்பொறியில் தட்டுகின்றார்; உடனே வாடிக்கையாளரின் இருப்புத் தொகை திரையில் தோன்றுகின்றது. அஃது எவ்வழியே வந்தது என்று ஒருவரும் வினவுவதில்லை. ஒருநாள் அது வாராதொழியின், வரிசையில் நிற்கும் அனைவரும் வினவுவர். வழி செவ்வனே இருக்கும் வரை அதனை நினைப்பார் இலர். அஃது அடைபட்ட அன்றே அதன் அருமை விளங்கும்.

இவ்வழியைக் காத்து நிற்கும் கருவி சுவிட்சு எனப்படும். விளக்கை ஏற்றவும் அணைக்கவும் சுவரில் பொருத்தப்படும் சுவிட்சு வேறு, இது வேறு. தட்டையான பெட்டி போன்ற இதன் முகப்பில் 8, 24, 48 என்னும் அளவுகளில் வாயில்கள் வரிசையாக அமைந்திருக்கும். ஒவ்வொரு வாயிலிலும் ஒரு வடம் செருகப்படும். வடத்தின் மறுமுனையில் கணிப்பொறியோ, அச்சுப்பொறியோ, மற்றொரு சுவிட்சோ இருக்கும். இவ்வாறு பல கருவிகள் பிணைந்து நிற்பதே வலையமைப்பு.

1973-ஆம் ஆண்டில், அமெரிக்க நாட்டில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வகத்தில், ராபர்ட் மெட்கால்ஃப் என்பவர் ஈதர்நெட் என்னும் முறையை வகுத்தார். டேவிட் பாக்ஸ் என்பவர் அதனை உருவாக்கத் துணைநின்றார். அக்காலத்தில் கணிப்பொறிகள் பலவும் ஒரே வடத்தைப் பகிர்ந்துகொண்டன. ஒன்று பேசும்போது ஏனையவை காத்திருத்தல் வேண்டும். இரண்டு ஒருங்கே பேசின், இரண்டின் செய்தியும் சிதையும். இக்குறையைக் களைந்தது சுவிட்சு. 1990-ஆம் ஆண்டில் கல்பனா என்னும் அமெரிக்க நிறுவனம் 7 வாயில்கள் கொண்ட ஈதர்நெட் சுவிட்சை விற்பனைக்குக் கொணர்ந்தது.

சுவிட்சு தொழில் புரியும் திறம் வியக்கத்தக்கது. ஓர் ஊருக்குப் புதிதாக வந்த அஞ்சற்காரரை எண்ணிப் பார்க்கலாம். எவர் எவ்வீட்டில் வாழ்கின்றார் என்பதை அவர் அறியார். ஒரு வீட்டிலிருந்து ஒருவர் கடிதம் கொடுத்தால், அவர் பெயரையும் வீட்டையும் தம் ஏட்டில் குறித்துக்கொள்கின்றார். அடுத்த முறை அப்பெயருக்குக் கடிதம் வரின் நேரே அவ்வீட்டிற்குச் செல்கின்றார். ஏட்டில் இல்லாத பெயராயின், எல்லா வீட்டுக் கதவையும் தட்டுகின்றார். சுவிட்சும் இவ்வாறே ஒவ்வொரு கருவியின் முகவரியையும், அது நிற்கும் வாயிலையும் தானே கற்றுக்கொள்ளும். செய்தியானது சிறுசிறு பொதிகளாக வரும். முகவரி தெரிந்த பொதியை உரிய வாயிலில் மட்டும் செலுத்தும். தெரியாத பொதியை, அது வந்த வாயில் ஒழிந்த எல்லா வாயில்களிலும் செலுத்தும்.

இந்நற்பண்பினுள்ளேயே ஓர் இடரும் மறைந்துள்ளது. ஒரு வடம் அறுந்தால் மற்றொன்று உதவும் என்று கருதி, இரண்டு சுவிட்சுகளை இரண்டு வடங்களால் பிணைப்பது உண்டு. அப்போது முகவரி அறியாத பொதி ஒரு வடத்தின் வழியே சென்று மற்றொன்றின் வழியே திரும்பும்; மீண்டும் செல்லும்; மீண்டும் திரும்பும். ஈதர்நெட் பொதிக்கு இத்துணை முறைதான் செல்லலாம் என்னும் எல்லை இல்லை. ஆதலின் அது சுழன்றுகொண்டே இருக்கும். இத்தகைய பொதிகள் சிறிது பொழுதில் வழியெல்லாம் நிரம்பிவிட, உண்மைச் செய்தி செல்ல இடமின்றிப் போகும். ஒருவர் அறியாது செருகிய ஒரே ஒரு வடம் ஓர் அலுவலகம் முழுவதையும் முடக்கவல்லது.

இவ்விடருக்கு மருந்து கண்டவர் ரேடியா பெர்ல்மன் அம்மையார். டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷன் என்னும் நிறுவனத்தில் பணியாற்றிய அவர், 1985-ஆம் ஆண்டில் ஸ்பானிங் ட்ரீ என்னும் முறையை வகுத்தார். அனைத்தையும் அளாவி நிற்கும் மரம் என்பது அதன் பொருள். மரத்தில் வேரிலிருந்து ஒவ்வோர் இலைக்கும் வழி ஒன்றே உண்டு. அதுபோலச் சுவிட்சுகள் தமக்குள் ஒன்றை வேராகத் தேர்ந்து, அதனை அடையும் சிறந்த வழியை மட்டும் திறந்து வைத்து, ஏனைய வழிகளை அடைத்துவிடும். திறந்த வழி அறுபடின், அடைத்த வழியைத் தாமே திறந்துகொள்ளும். இதற்குத் தொடக்க காலத்தில் 30 முதல் 50 நொடி வரை ஆயிற்று. பின்னர் வந்த விரைவு வடிவம் மிகக் குறுகிய பொழுதில் இதனைச் செய்யும்.

எனினும் எம்மருந்துக்கும் அளவு உண்டு. ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் செல்லும் வழியில் 7 சுவிட்சுகளுக்கு மேல் இருத்தல் ஆகாது என்னும் கணக்கின்மேல் அப்பழைய முறை அமைந்தது. அளவை மறந்தால் விளைவது யாது என்பதை அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் நிகழ்ந்த ஒரு நிகழ்ச்சி உலகுக்கு உணர்த்தியது.

அந்நகரில் பெத் இஸ்ரேல் டீக்கனஸ் மருத்துவ மையம் என்னும் புகழ்பெற்ற மருத்துவமனை உள்ளது. 1996-ஆம் ஆண்டில் இரண்டு மருத்துவமனைகள் ஒன்றாகி உருவானது அது. மருந்துச் சீட்டு, குருதிச் சோதனை முடிவு, நோயாளியின் குறிப்பு ஆகிய யாவும் அங்கே கணிப்பொறி வழியே சென்றன. தேவை எழுந்தபோதெல்லாம் சுவிட்சுகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்க்கப்பட்டன. வலையமைப்பு நாளும் நன்றாகவே இயங்கியது. ஆயின் சில பகுதிகளில் ஏழு என்னும் எல்லை கடக்கப்பட்டிருந்தது.

2002-ஆம் ஆண்டு நவம்பர் 13-ஆம் நாள், ஓர் ஆய்வாளரின் மென்பொருள் பெருமளவு தரவை அவ்வலையமைப்பில் செலுத்தியது. ஏற்கெனவே நலிந்திருந்த கட்டமைப்பு அதனைத் தாங்கவில்லை. வழிகளை அடைக்கும் ஒழுங்கு குலைந்தது. பொதிகள் சுழன்று பெருகின. வலையமைப்பு எழுவதும் விழுவதுமாக இருந்தது. எப்போது எழும், எப்போது விழும் என்று தெரியாத கருவியை நம்பி மருத்துவம் செய்தல் எங்ஙனம்? ஆதலின், தகவல் துறைத் தலைவரும் மருத்துவருமாகிய ஜான் ஹலாம்காவும் பிற தலைவர்களும், சீராகும் வரை காகிதத்தையே கையாள்வது என்று துணிந்தனர். மருத்துவர் கையால் எழுதினர். பணியாளர் சீட்டுகளை ஏந்திக்கொண்டு ஒரு பிரிவிலிருந்து மற்றொரு பிரிவிற்கு ஓடினர். இந்நிலை ஏறத்தாழ நான்கு நாள் நீடித்தது. வெளியிலிருந்து வல்லுநரும் புதிய கருவிகளும் வரவழைக்கப்பட்ட பின்னரே வலையமைப்பு நிலைபெற்றது. பெரிய ஒரே வலையாக இருந்தது, தனித்தனிப் பகுதிகளாகப் பிரித்து அமைக்கப்பட்டது. ஒரு பகுதியில் நேரும் தீங்கு மற்றொரு பகுதிக்குப் பரவாமல் இருக்க அஃது உதவும்.

இந்நிகழ்ச்சியில் ஹலாம்கா செய்த மற்றொரு செயல் போற்றத்தக்கது. நேர்ந்த குறையை அவர் மறைக்கவில்லை. பிறரும் கற்றுக்கொள்ளட்டும் என்று நடந்தது முழுவதையும் வெளிப்படையாக எடுத்துரைத்தார். அதனால் ஒரு மருத்துவமனையின் துன்பம் பல நிறுவனங்களுக்குப் பாடமாயிற்று.

சுவிட்சுகளைப் பேணுவோர் கைக்கொள்ள வேண்டுவன யாவை? முதலாவது, வலையமைப்பின் வரைபடம். எச்சுவிட்சு எங்குள்ளது, எவ்வடம் எவ்வாயிலிலிருந்து எங்குச் செல்கின்றது என்பவற்றை வரைந்து வைத்தலும், வடத்தின் இரு முனைகளிலும் பெயர்ச்சீட்டு ஒட்டுதலும் வேண்டும். அவ்வறிவு ஒருவர் உள்ளத்தில் மட்டும் இருப்பின், அவர் விடுப்பில் சென்ற நாளில் நிறுவனம் கண்ணிழந்ததாகும்.

இரண்டாவது, மாற்றத்தில் ஒழுங்கு. ஒரு மாற்றம் செய்யுமுன், அதனை ஏன் செய்வது, எப்போது செய்வது, தவறினால் பழைய நிலைக்கு மீள்வது எங்ஙனம் என்பவற்றை எழுதி, மற்றொருவருக்குக் காட்டி, வேலை குறைந்த வேளையில் செய்தல் வேண்டும். சுவிட்சின் அமைப்புக் குறிப்புகளைப் படியெடுத்து வேறிடத்தில் வைத்தல் வேண்டும். கருவி பழுதுற்றால், அப்படியைக் கொண்டு புதிய கருவியை விரைவில் நிறுத்தலாம்.

மூன்றாவது, இடையறாக் கண்காணிப்பு. ஒவ்வொரு வாயிலிலும் சிதைந்து வரும் பொதிகள் எத்துணை என்பதைச் சுவிட்சே எண்ணிக் காட்டும். அவ்வெண் ஏறுதல், வடமோ வாயிலோ நலிகின்றது என்பதன் அறிகுறி. கருவியின் வெப்பத்தை நோக்குதலும், விசிறியில் படியும் தூசியை அகற்றுதலும், மின்தடைக்கு மாற்று ஏற்பாடு செய்தலும் சிறு செயல்களே. ஆயினும் அவற்றைச் செய்யாமையால் வரும் கேடு சிறிதன்று. பயன்படாத வாயிலை அடைத்து வைத்தலும், வாங்கும்போது வந்த கடவுச்சொல்லை மாற்றுதலும் அயலார் நுழையாமல் காக்கும்.

நான்காவது, எல்லாம் தவறினும் பணி நில்லாதிருக்க மாற்றுவழி. மாற்றுச் சுவிட்சு ஒன்று ஆயத்தமாக இருத்தல் வேண்டும். கருவியின்றி வேலை செய்யும் முறையைப் பணியாளர் அவ்வப்போது பயின்றிருத்தலும் வேண்டும். பாஸ்டன் நகரில் அந்நான்கு நாளும் மருத்துவம் நடைபெற உதவியவை காகிதமும் எழுதுகோலுமே அன்றோ?

வெள்ளம் வருமுன் அணை போடவேண்டும் என்பது பழமொழி. அணை போடுபவரை வெயிற்காலத்தில் ஊர் கவனிப்பதில்லை. கரையைச் சுற்றி வந்து சிறு வெடிப்பைக் கண்டு மண் அடைப்பவருக்கு மாலையிடுவார் இலர். வலையமைப்பைப் பேணுபவர் நிலையும் இத்தகையதே. ஒரு தீங்கும் நேராத நாளே அவர் உழைத்த நாள். வங்கியில் வரிசை தடையின்றி நகர்வதும், மருத்துவமனையில் சோதனை முடிவு உரிய வேளையில் மருத்துவரை அடைவதும் அவர்தம் உழைப்பின் பயன். நாள்தோறும் பேணுதலை இகழாத நிறுவனமே இடர் வந்த நாளில் நிலைத்து நிற்கும்.