பழைய படங்களுக்குக் கத்தரி போடலாமா?

கேள்வி: கல்லூரி நாட்களில் வரைந்த படங்கள் பரணில் கட்டுக்கட்டாகக் கிடக்கின்றன. பழைய பேப்பர்காரரிடம் போட மனமில்லை. வெட்டி ஒட்டிப் புதிதாக ஏதாவது செய்யலாமா?

பதில்: தாராளமாக. நியூயார்க் ஓவியர் லீ கிராஸ்னர் 1950களின் தொடக்கத்தில், பிடிக்காமல் போன தன் கறுப்பு வெள்ளைப் படங்களைக் கிழித்துத் தரையில் போட்டுவிட்டார். சில வாரம் கழித்துப் பார்த்தபோது அந்தத் துண்டுகள் அவரை ஈர்த்தன. அவற்றை ஒட்டி உருவாக்கிய கொலாஜ்களை 1955இல் கண்காட்சியாகவே வைத்தார்.

முக்கியமான படங்களை முதலில் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு தயங்காமல் வெட்டுங்கள். முகத்தை முழுதாக வெட்டாதீர்கள். கண் தனி, மூக்கு தனி. கோழிக்காலுக்கு மேல் தாத்தாவின் மீசையை வைத்துப் பாருங்கள், சிரிப்பு வரும்! கிழித்த ஓரமும் அழகுதான். தாளின் வெள்ளை நார் கோடுபோலத் தெரியும். பஸ் டிக்கெட், ஜாக்கெட் துணி, கல்யாணப் பத்திரிகையின் ஜிகினா எல்லாம் சேரும். உடனே ஒட்டாதீர்கள், ஓரிரு நாள் நகர்த்தி நகர்த்திப் பாருங்கள். ஸ்கெட்ச் பேனா மை ஈரத்தில் கலங்கும். அந்த மையில் வரைந்த படங்களுக்கு ஃபெவிகால் வேண்டாம், குளூ ஸ்டிக் போதும். அடியில் கனமான அட்டை இருந்தால் சுருளாது.