அறிவியல் பாடம்: ஓர் இருக்கை குறைந்த கதை

1971 ஜூன் 30. சல்யூட்-1 விண்வெளி நிலையத்தில் மூன்று வாரங்களுக்கு மேல் தங்கியிருந்த சோவியத் வீரர்கள் தோப்ரவோல்ஸ்கி, வோல்கவ், பாத்சாயெவ் மூவரும் சோயுஸ்-11 கலத்தில் பூமிக்குத் திரும்பினார்கள். பாராசூட் விரிந்தது, கலம் ஒழுங்காகவே தரையிறங்கியது. கதவைத் திறந்த மீட்புக் குழுவினரோ மூவரையும் உயிரற்றவர்களாகவே கண்டார்கள்.

காரணம் என்ன? தரையை நெருங்கும்போது திறக்க வேண்டிய காற்று வால்வு ஒன்று, கலத்தின் பகுதிகள் பிரிந்த அதிர்வில் விண்வெளியிலேயே திறந்துகொண்டது. ஏறக்குறைய இரண்டு நிமிடங்களில் உள்ளிருந்த காற்று முழுவதும் வெளியேறிவிட்டது. அழுத்த உடை அணிந்திருந்தால் அவர்கள் பிழைத்திருக்கலாம். ஆனால் அந்தச் சிறிய அறையில் உடையுடன் மூவர் அமர இடமில்லை. ஆகவே உடை இல்லாமலே சென்றிருந்தார்கள்.

அதன்பின் ஓர் இருக்கை குறைக்கப்பட்டது. 1973 முதல் இருவர் மட்டும், அழுத்த உடையுடன் பறந்தார்கள். கலத்தைத் திருத்தி அமைத்த பிறகு, 1980இல்தான் சோயுஸில் மீண்டும் மூவர் சென்றார்கள். 1984 ஏப்ரல் 3 அன்று நம் ராகேஷ் சர்மா சோயுஸ் டி-11இல் புறப்பட்டதும் அத்தகைய உடை அணிந்துதான்.

பெற்றோர்களே, பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள்: ஒரே ஸ்கூட்டரில் நால்வர் ஏறும்போது, இடமில்லை என்று நாம் எதை விட்டுவிடுகிறோம்?