இளைஞரின் விறைப்புக் குறைபாடு: வைத்தியரிடம் போகும் முன்னும் போன பின்னும்

சேலத்திலோ நாமக்கல்லிலோ பேருந்துக்குக் காத்திருக்கும் வேளையில் கழிப்பிடத்துக்குள் நுழைகிறவர் கண்ணுக்கு நேராக, நரம்புத் தளர்ச்சி, ஆண்மைக் குறைவு, கைப்பழக்கத்தால் நேர்ந்த பலவீனம் என்ற சொற்களைத் தாங்கி, இன்ன கிழமை இன்ன லாட்ஜில் வைத்தியர் தங்கியிருப்பார் என்று தெரிவிக்கும் துண்டுச் சீட்டு ஒட்டியிருப்பது நம் நாட்டில் புதுமையல்ல. போக சக்தியைப் பெருக்குவதாகச் சொல்லி மருந்தை விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டின் மருந்துகள், மாய நிவாரணங்கள் பற்றிய சட்டம் தடுக்கிறது என்பதும், அதை எதிர்த்து ஹம்தர்த் தவாகானா தொடுத்த வழக்கில் 1959 டிசம்பரில் தீர்ப்புச் சொன்ன உச்ச நீதிமன்றம், சட்டத்தின் சில பகுதிகளை நீக்கியபோதிலும் இந்தத் தடையின்மேல் கை வைக்கவில்லை என்பதும் சீட்டை ஒட்டுகிறவருக்குத் தெரியாமலிராது. லஜ்ஜையோடு அதைத் திருட்டுத்தனமாகப் படிக்கிற இளைஞருக்குத்தான் தெரியாது. அந்த இளைஞர் லாட்ஜ் படிக்கட்டில் ஏறுவதற்கு முன் செய்யவேண்டியவற்றை இங்கே முறையாகச் சொல்கிறேன்.

முதலாவதாக, நேர்ந்திருப்பது வியாதியா, வெறும் அசதியா என்று பிரித்துப் பார்க்கவேண்டும். கூடலுக்குப் போதுமான விறைப்பு வராமலிருப்பதும், வந்தாலும் முடியும்வரை நில்லாதிருப்பதும், பெரும்பாலான தடவைகளில், ஏறத்தாழ மூன்று மாதம் நீடித்தால்தான் மருத்துவர்கள் அதை விறைப்புக் குறைபாடு என்கிறார்கள். விந்து விரைந்து வெளிப்படுவது வேறு. பிள்ளைப்பேறு தாமதிப்பது வேறு. உறக்கத்தில் விந்து வெளியேறுவதோ வியாதியே அல்ல. நாமக்கல்லில் லாரி ஏறி நாகபுரிவரை போய், டீயிலும் உதட்டுக்குள் அடக்கிய ஹான்ஸ் புகையிலையிலும் கண்ணை விழிக்கவைத்து, பத்து நாள் கழித்து நள்ளிரவில் வீட்டுக் கதவைத் தட்டுகிறவருக்கு அன்றிரவு சரீரம் ஒத்துழைக்காவிட்டால், அதற்கு ஒரு முழு ராத்திரித் தூக்கமே ஔஷதம். பள்ளிபாளையத்திலும் குமாரபாளையத்திலும் விசைத்தறிக் கூடத்தில் இரவு ஷிஃப்ட் முடித்து வருகிறவர் விஷயமும் இதுவே.

இரண்டாவதாக, விடியற்காலையைக் கவனிக்கவேண்டும். ஆரோக்கியமான ஆடவருக்கு இரவில் கனவு காணும் தூக்கத்தின்போது மூன்று முதல் ஐந்து தடவை தானாகவே விறைப்பு உண்டாகும். கடைசித் தடவையின் மிச்சத்தைத்தான் விழிக்கையில் காண்கிறோம். இரண்டு வாரம், ஒழுங்காகத் தூங்கிய நாட்களில், அது இருக்கிறதா, உறுதியாக இருக்கிறதா, தனிமையில் உண்டாகிறதா என்று குறித்து வையுங்கள். காலையில் உறுதியாக இருந்து மனைவியிடம் மட்டும் தவறுகிறதென்றால், இரத்தக் குழாயும் நரம்பும் பெரும்பாலும் செம்மையாகவே இருக்கின்றன, தடை மனத்தில் இருக்கிறது என்று கொள்ளலாம். சிறிது சிறிதாகக் குறைந்து காலையிலும் காணாமற்போயிற்றென்றால் காரணத்தைச் சரீரத்தில் தேடவேண்டும். இந்தக் குறிப்பு மருத்துவருக்குப் பெரிதும் உதவுமேயன்றி, அவருடைய பரிசோதனைக்கு ஈடாகாது.

மனத்தடையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும், ஏனெனில் இளைஞர்களிடம் அது மிகுதி. பெண் அமையாமல் முப்பதைத் தாண்டி, ஒருவாறு ஜாதகம் பொருந்தி, முகூர்த்தத்துக்கு முன் இரண்டு ராத்திரி கண் மூடாமல் உபசாரங்களில் ஓடியாடிய மாப்பிள்ளையை, அடுத்த அறையில் அத்தையும் பெரியம்மாவும் படுத்திருக்க, கதவைச் சாத்தி உள்ளே அனுப்பிவிட்டு, விடிந்ததும் முகத்தைப் பார்த்து ஊகிக்கிற வழக்கம் நம் குடும்பங்களில் இன்றும் இருக்கிறது. பயம் வந்தவுடன் சரீரத்தில் சுரக்கும் அட்ரினலின், உறுப்புக்குப் போகும் இரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடும், விறைப்பு தளரும், தளர்ந்ததே அடுத்த இரவுக்குப் பயமாகும். அதற்குமேல், இத்தனை துளி இரத்தம் சேர்ந்து ஒரு துளி விந்து என்ற பாமரக் கணக்கும், பள்ளி நாள் கைப்பழக்கம் இப்போது பழி வாங்குகிறது என்ற குற்றவுணர்ச்சியும் சேர்ந்தால் கேட்கவேண்டியதில்லை. விந்து நஷ்டத்தை நினைத்தே நலியும் இந்நிலைக்கு 1960இல் மனநல மருத்துவர் என். என். விக் 'தாது' என்ற சொல்லைக் கொண்டே ஒரு பெயரிட்டார். விந்து நாள்தோறும் உற்பத்தியாகிக்கொண்டேயிருப்பது. சுய இன்பத்தால் உறுப்பு சிறுப்பதில்லை, நரம்பும் தளர்வதில்லை.

இதற்குப் பரிகாரம் 1970இல் அமெரிக்காவின் மாஸ்டர்ஸும் ஜான்சனும் எழுதிய நூலில் விரிவாக உண்டு. சாராம்சத்தை வீட்டிலேயே அனுசரிக்கலாம். மனைவியிடம் உள்ளதைச் சொல்லி, சில வாரங்களுக்குக் கூடல் வேண்டாம் என்று இருவரும் உடன்பட்டு, தொடுதலும் தழுவலும் மட்டும் போதுமென்று இருங்கள். பரீட்சை இல்லையென்று தெரிந்தபின் பலருக்கு விறைப்பு தானே திரும்புகிறது. மனைவியிடம் மறைப்பதால் அந்தப் பெண், தன்னைப் பிடிக்கவில்லை என்று எண்ணி மனம் நொந்துகொண்டிருப்பாள். அந்த அநியாயத்தை முதலில் நிறுத்தவேண்டும்.

மூன்றாவதாக, வாயில் போவதையும் ஊசியில் ஏறுவதையும் கணக்கெடுங்கள். பீடி, சிகரெட் முதலானவற்றின் நிகோடின் குழாய்களைச் சுருக்கும். டாஸ்மாக் சரக்கு ஆசையைத் தூண்டினாலும் காரியத்தைக் கெடுக்கும். மனச்சோர்வுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் தரப்படும் சில மாத்திரைகளும், சிலருக்கு, முடி உதிர்வதற்குத் தரப்படும் ஃபினாஸ்டிரைடும் காரணமாகலாம். அவற்றை நீங்களாக நிறுத்திவிடாமல், எழுதித் தந்த மருத்துவரிடமே கேளுங்கள். ஜிம்மில் தோள் பருக்கப் போட்டுக்கொள்ளும் டெஸ்டோஸ்டிரோன் ஊசியோ விபரீதமானது: சரீரத்தின் சொந்தச் சுரப்பை அடக்கி, விதைகளைச் சுருங்கச் செய்து, விந்தணுவையும் குறைத்துவிடும்.

இனி, எப்போது மருத்துவரிடம் போவது? குறை மூன்று மாதம் நீடித்தாலும், காலை விறைப்பு நின்றுபோனாலும், ஆசையே வற்றினாலும், உறுப்பு புதிதாக வளைந்தாலும், விதையில் கட்டியோ சிறுப்போ தென்பட்டாலும் தாமதிக்கவேண்டாம். சர்க்கரையோ இரத்த அழுத்தமோ உள்ளவர் மூன்று மாதமும் காத்திருக்கவேண்டியதில்லை. உறுப்பின் இரத்தக் குழாய் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் அகலமே உடையது, இருதயத்தின் குழாயோ மூன்று நான்கு மில்லிமீட்டர். ஆகவே குழாய் அடைக்கும் வியாதி சிறியதில் முதலில் தெரிந்து, சில வருஷங்கள் கழித்தே மார்வலியாகத் தெரியும். முதியோர் வியாதி என்று இதைத் தள்ளவும் முடியாது: 2013இல் மிலான் நகர மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வில், இக்குறைக்காக அவர்களிடம் புதிதாக வந்தவர்களில் நால்வரில் ஒருவர் நாற்பது வயதுக்குள்ளானவர்.

அன்றைக்கே, அந்த நேரமே அவசர சிகிச்சைப் பிரிவுக்கு ஓடவேண்டியவையும் உண்டு. விறைப்பு நான்கு மணி நேரம் தணியாதிருத்தல். கூடலின்போது முறிந்தாற்போல் சத்தம் கேட்டு உறுப்பு கறுத்து வீங்குதல். முதுகுவலியோடு தொடையிடுக்கு மரத்து மூத்திரம் கட்டிக்கொள்ளுதல். இக்குறையால் உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் எழுந்தால் 14416 என்ற டெலிமனஸ் எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம்.

எங்கே போவது என்பதில் பிரமாதமான ரகசியம் ஒன்றுமில்லை. சேலத்தில் மோகன் குமாரமங்கலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையோ, நாமக்கல்லில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையோ, உங்கள் ஊர் எம்.பி.பி.எஸ். மருத்துவரோ போதும், தேவையானால் அவர்களே சிறுநீர்ப்பாதை (யூராலஜி) நிபுணரிடமோ மனநல மருத்துவரிடமோ அனுப்புவார்கள். ஓ.பி. சீட்டு வாங்குமிடத்தில், பின்னால் பத்துப் பேர் நிற்க, காரணத்தை விளக்கவேண்டியதில்லை. பொது மருத்துவம் என்றால் முடிந்தது. உள்ளே போய், தலைவலி, அசதி என்று சுற்றி வளைத்துக்கொண்டிருந்தால் தலைவலி மாத்திரைதான் கிடைக்கும். "கல்யாணமாகி ஆறு மாசமாச்சுங்க டாக்டர், விறைப்பு சரியா வர்றதில்லைங்க, வந்தாலும் நிக்கிறதில்லைங்க" என்று உட்கார்ந்தவுடன் சொல்லிவிடுங்கள். மருத்துவர் இரத்த அழுத்தம் பார்ப்பார், உறுப்பையும் விதைகளையும் சோதிப்பார்; வெறும் வயிற்றுச் சர்க்கரை, மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை, கொழுப்பு ஆகியவற்றுக்கும், தேவைப்பட்டால் டெஸ்டோஸ்டிரோனுக்கும் இரத்தம் எடுக்கச் சொல்வார். டெஸ்டோஸ்டிரோனுக்குக் காலை வேளையில்தான் இரத்தம் தரவேண்டும். குறைவாக வந்தால் இன்னொரு காலையும் பார்த்தே முடிவு கட்டுவார்கள்.

மாத்திரை எழுதித் தந்தால் அதன் சரித்திரத்தை அறிவது நல்லது. மார்வலிக்காக ஃபைஸர் கம்பெனியார் இங்கிலாந்தில் ஆராய்ந்துகொண்டிருந்த சில்டெனாஃபில், விறைப்புக்கு உதவும் எதிர்பாராத பலனைக் காட்டி, 1998இல் அமெரிக்காவில் இதற்கென்றே அங்கீகாரம் பெற்றது. மார்வலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரையோடு இது சேர்ந்தால் இரத்த அழுத்தம் பாதாளத்துக்கு இறங்கி உயிருக்கே ஆபத்தாகும். ஆகையால் இருதய மருந்து உண்பவர் அதை மறைக்கலாகாது, நண்பர் தந்தாரென்றும், சீட்டின்றி மருந்துக் கடையில் கிடைத்ததென்றும் வாங்கி விழுங்கலாகாது. மூலிகை லேகியம் என்று விற்கப்படுகிற பொருள்களில் இதே சில்டெனாஃபிலைச் சொல்லாமல் கலந்திருப்பது பல நாடுகளில் பலமுறை கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது; லேகியத்தை நம்பி உண்பவருக்கும் அதே ஆபத்து உண்டு.

உண்ணும் முறையைத் தெரிந்துகொள்ளாததால் மாத்திரையைக் குறை சொல்கிறவர் பலர். கூடலுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் முன்பு உண்ணவேண்டும்; பிரியாணியும் நெய்யும் வயிறு நிறைய உண்டபின் போட்டால் வேலை செய்யத் தாமதிக்கும். ஆசையும் தொடுதலும் இல்லாமல் மாத்திரை மட்டும் விறைப்பைத் தராது. முதல் தடவை பயன்படவில்லையென்று எறிந்துவிடாமல், வெவ்வேறு நாட்களில் சில தடவை பார்த்து, தலைவலியோ முகச் சிவப்போ கண்டதா என்பதையும் குறித்துக்கொண்டு அதே மருத்துவரிடம் திரும்பப் போனால், அவர் அளவைக் கூட்டுவார், அல்லது வேறு மருந்துக்கு மாற்றுவார். அப்போது மனைவியையும் உடன் அழைத்துச் செல்வது உசிதம்.