குதிரை முள்ளங்கியும் முருங்கை வேரும்

ஐரோப்பிய நாடுகளில் இறைச்சி உணவுக்குத் துணையாக ஒரு காரமான வேரைத் துருவிக் காடியில் கலந்து வைப்பது நெடுநாளைய வழக்கம். ஆங்கிலத்தில் அதனை ஹார்ஸ்ராடிஷ் என்பர். தமிழில் குதிரை முள்ளங்கி எனலாம். கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த இச்செடி தென்கிழக்கு ஐரோப்பாவுக்கும் மேற்கு ஆசியாவுக்கும் உரியது. குளிர்காலத்தில் ஓய்வு கொள்ள வேண்டிய பயிராதலின் நமது சமவெளியின் வெப்பம் அதற்கு ஒவ்வாது. எனவே இந்தியாவில் வாழ்ந்த ஆங்கிலேயர் அதற்கு ஈடாக வேறொன்றைத் தேடினர். முருங்கை இளங்கன்றின் வேரில் அதே காரமும் நெடியும் இருப்பதைக் கண்டு, அதனையே துருவிப் பயன்படுத்தினர். முருங்கைக்குக் "குதிரை முள்ளங்கி மரம்" என்று பொருள்படும் ஆங்கிலப் பெயர் இவ்வாறு வந்ததே. தாவர நூலார் வழங்கும் மொரிங்கா என்னும் பெயரோ நமது முருங்கை என்ற சொல்லின் வழி வந்தது.

முழு வேரை முகர்ந்தால் நெடி அதிகம் இராது. துருவும்பொழுது வேரின் நுண்ணறைகள் சிதைந்து, தனித்தனியே இருந்த இரு பொருள்கள் கலக்கின்றன. அப்பொழுதே காரம் பிறக்கிறது. கடுகை அரைக்கும்பொழுது நம் இல்லங்களில் நிகழ்வதும் இதுவே. காடி ஊற்றினால் அம்மாற்றம் நின்றுவிடும். ஆதலால் துருவிச் சற்றுப் பொறுத்துக் காடி சேர்த்தால் காரம் மிகும். மூக்கடைப்புக்கும் செரிமானத்துக்கும் ஐரோப்பிய நாட்டு மருத்துவத்தில் குதிரை முள்ளங்கியைக் கொண்டனர். வைட்டமின் சி மிகுந்த அவ்வேர் ஸ்கர்வி நோய்க்கும் பயன்பட்டது.

இதனைப் படித்துவிட்டு முருங்கை வேரைத் தோண்டத் தொடங்க வேண்டா. அதன் வேர்ப்பட்டையில் நஞ்சுத் தன்மையுள்ள பொருள்கள் உள. கருவுற்ற பெண்கள் அதனை உட்கொண்டால் கருச்சிதைவு நேரக்கூடும். "நாட்டு மருந்துதானே, என்ன தீங்கு?" என்று கேட்போர் இன்றும் உளர். மரத்தில் உண்ணத் தகுந்த பகுதிகள் இலை, பூ, காய் ஆகியவையே, அவை போதும்.

இலையின் சிறப்பைச் சிறிது விரிவாகவே சொல்ல வேண்டும். 100 கிராம் பசுங்கீரையில் சுமார் 6 கிராம் புரதமும், ஏறக்குறைய 400 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்தும் உண்டு. அதே அளவு பசும்பாலில் உள்ள சுண்ணாம்புச் சத்து ஏறத்தாழ 120 மில்லிகிராமே. கண்பார்வைக்குத் தேவையான வைட்டமின் ஏ ஆக மாறும் கரோட்டீனும் இதில் மிகுதி. நம் மாநிலத்தில் பெண்களுள் பாதிக்கு மேற்பட்டோர் இரத்தசோகையுடையோர் என்பதை 2019-21 ஆம் ஆண்டுகளில் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வு காட்டிற்று. கொல்லையில் மரம் நிற்க, வீட்டில் சோகை இருப்பது வருந்தத்தக்கது. எனினும் கீரையிலுள்ள இரும்பு முழுவதும் உடலிற் சேர்வதில்லை. எலுமிச்சைச் சாறோ நெல்லிக்காயோ உடன் கொண்டால் சிறிது கூடுதலாகச் சேரும். உணவோடு தேநீர் அருந்தினால் குறையும். கிராம சுகாதாரச் செவிலியர் தரும் இரும்புச் சத்து மாத்திரைக்குக் கீரை மாற்றன்று. கீரை உண்கிறோம் என்று மாத்திரையை எறவாணத்தில் செருகி வைக்கும் வழக்கத்தை ஊராட்சி உறுப்பினர்கள் வீடுதோறும் எடுத்துச் சொல்லி நிறுத்த வேண்டும்.

விதைக்கும் ஒரு பயன் உண்டு. சூடான் நாட்டுக் கிராமப் பெண்கள் கலங்கிய நைல் நீரைத் தெளிவிக்க முருங்கை விதையைப் பயன்படுத்தி வந்தனர். விதையின் மேலோட்டை நீக்கிப் பருப்பை இடித்து, கலங்கலுக்கு ஏற்ப லிட்டருக்கு ஒன்றிரண்டு பருப்பு வீதம் கலக்கி வைத்தால், அதிலுள்ள புரதம் மண் துகள்களைத் திரட்டி அடியில் படியச் செய்யும். தெளிந்த நீரை வடித்துக் கட்டாயம் கொதிக்க வைக்க வேண்டும். தெளிவு வேறு, தூய்மை வேறு.

பயிரிட விரும்புவோருக்குப் பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி தேர்ந்தளித்த பி.கே.எம். 1 என்னும் விதை முருங்கை ஏற்றது. 8 அடிக்கு 8 அடி இடைவெளியில் ஏக்கருக்குச் சுமார் 680 கன்றுகள் நிற்கும். கன்று இரண்டரை அடி உயர்ந்ததும் நுனியைக் கிள்ளினால் பக்கக் கிளைகள் பெருகும். ஏறத்தாழ ஆறு மாதத்தில் காய் பறிக்கலாம். காய்ப்பு ஓய்ந்தபின் தரையிலிருந்து 3 அடி விட்டு வெட்டினால் மறுதாம்பு கிளைத்துக் காய்க்கும். முருங்கையை ஒடித்து வளர்க்கச் சொல்லும் பழமொழியின் உட்பொருள், புதுத் துளிரில்தான் காய் நிறைய வரும் என்பதே. நீர் தேங்கும் நிலம் இதற்கு ஆகாது. ஊரார் அனைவரும் ஒரே பருவத்தில் விதைத்தால் காய் சந்தையில் குவிந்து, பறிகூலிக்கும் விலை கட்டாது. ஆதலின் ஊருக்குள் கலந்து பேசி விதைப்பையும் வெட்டையும் இரண்டு மூன்று மாதம் முன்பின்னாக அமைத்துக்கொள்வது நன்று. பெருநிலம் இல்லாதோர் குளியலறை நீர் பாயும் ஓரத்தில் இரண்டு கன்று வைத்தால் வீட்டுக்குக் கீரை தட்டாது.