காப்பீடு பெற்ற தொழிலாளரும் பணியிட விபத்துகளும்

முன்னுரை

ஆலைத்தொழில் வளர வளர, உழைப்போர் உடலுக்கு நேரும் ஊறும் வளர்ந்தது. அவ்வூறுக்கு ஈடு காண ஜெர்மனி 1884-இல் விபத்துக் காப்பீட்டுச் சட்டம் இயற்றிற்று. இந்தியாவில் 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழித் தொழிலாளர் அரசு ஈட்டுறுதித் திட்டம் (இ.எஸ்.ஐ.) உருவாகி, 1952 பிப்ரவரி 24-இல் கான்பூரிலும் தில்லியிலும் தொடங்கியது. காப்பீடு உள்ளமையால் விபத்தின் இழப்பு முழுதும் ஈடாகிவிடுமா என்பதை இக்கட்டுரை ஆராய்கின்றது.

நிகழ்வீதமும் கடுமை வீதமும்

பத்து இலட்சம் உழைப்பு மணிகளுக்கு எத்தனை விபத்துகள் என்பது நிகழ்வீதம். எத்தனை நாள்கள் இழப்பு என்பது கடுமை வீதம். 500 பேர் நாளும் 8 மணியாக 300 நாள் உழைக்கும் ஆலையில் உழைப்பு மணிகள் 12 இலட்சம். அங்கு 12 பேர் காயமுற்று, ஒவ்வொருவரும் 5 நாள் பணியிழந்தால் நிகழ்வீதம் 10. கடுமை வீதம் 50. அதே அளவுள்ள மற்றோர் ஆலையில் ஒருவர் மட்டும் இறந்தால் நிகழ்வீதம் 0.83. ஆயினும் ஓர் இறப்பு 6,000 நாள் இழப்பாகக் கொள்ளப்படுவதால் கடுமை வீதம் 5,000. ஆகவே, ஒரு வீதத்தை மட்டும் நோக்கி ஆலையின் பாதுகாப்பை மதிப்பிடல் பிழையாகும்.

கணக்கில் வாராதவை

விபத்து நாள் நீங்கலாக மூன்று நாளேனும் பணி செய்ய இயலாதவர்க்கே ஈட்டுறுதித் திட்டத்தில் தற்காலிக ஊனப்பயன் உண்டு. எனவே, சிறு காயங்கள் பணப்பயன் கணக்கில் இடம்பெறுவதில்லை. அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனமொன்றில் பணியாற்றிய ஹைன்ரிச், 1931-இல் வெளியிட்ட தம் நூலில், ஒரு பெருங்காயத்திற்கு 29 சிறுகாயங்களும் காயமேதும் விளைக்காத 300 நிகழ்வுகளும் உள்ளன என்றார். இவ்விகிதம் எல்லாத் தொழிலுக்கும் பொருந்தாது எனப் பின்வந்தோர் மறுத்துள்ளனர். எனினும், சிறு விபத்து பெருவிபத்தின் முன்னறிவிப்பாகலாம் என்பதை எண்ணிப் பார்த்தல் தகும்.

செலவின் இரு கூறுகள்

மருத்துவச் செலவும் உதவித்தொகையும் நேர்ச்செலவு. பொறியின் பழுது, உடனுழைப்போர் இழக்கும் நேரம், புதியவரைப் பயிற்றுதல் ஆகியன மறைசெலவு. நேர்ச்செலவைப் போல் மறைசெலவு நான்கு மடங்கு என மதிப்பிட்டவரும் ஹைன்ரிச்சே. இம்மடங்கு தொழிலுக்குத் தொழில் மாறும். மறைசெலவைக் காப்பீடு ஏற்பதில்லை என்பது மாறாது. தற்காலிக ஊனமுற்றவர்க்கு ஊதியத்தில் 90 விழுக்காடு கிடைக்கின்றது. இழந்த விரலின் தொழில்திறன் கிடைப்பதில்லை.

முடிவுரை

ஜெர்மனியில் தொழிலின் இடருக்கேற்பச் சந்தா வேறுபடும். அதனைத் திரட்டும் அமைப்புகளே பாதுகாப்பு விதிகளையும் வகுக்கின்றன. நம் ஈட்டுறுதித் திட்டத்திலோ, 2019 ஜூலை முதல் முதலாளி 3.25, தொழிலாளி 0.75 விழுக்காடு என எல்லா ஆலைக்கும் ஒரே வீதமே வகுக்கப்பட்டது. பாதுகாப்பைப் பேணும் ஆலைக்கும் பேணாத ஆலைக்கும் சந்தாவில் வேறுபாடில்லையெனில், காப்பீடு விபத்தைத் தடுக்கும் தூண்டுகோலாவது அரிது. ஈடு செய்தல் அறம். இழப்பு நேராமற் காத்தல் அதனினும் பேரறம். அதற்கு முதற்படி, ஒவ்வொரு சிறு காயத்தையும் மறையாது பதிவு செய்தலே.