செக்குபந்தியில் உள்ள பெயர்

கொங்கு நாட்டில் எழுதப்பெறும் கிரயப் பத்திரங்களில் செக்குபந்தி என்றொரு பகுதி உண்டு. விற்கப்படும் வீட்டிற்கு வடக்கே இன்னார் வீடு, தெற்கே இன்னார் காலிமனை, கிழக்கே தென்வடல் வீதி, மேற்கே இன்னார் தோட்டம் என்று நான்கு எல்லைகளும் அதில் குறிக்கப்பெறும். விற்பவரும் வாங்குபவரும் தத்தம் விருப்பத்தால் பத்திரத்தில் இடம்பெறுகின்றனர். அண்டை வீட்டாரோ எவரும் கேளாமலே இடம்பெற்றுவிடுகின்றனர். பதிவு அலுவலகத்தின் படியை மிதித்தறியாதவர் பெயரும் அங்கே எல்லைக் கல்லைப்போல் நிலைத்து நிற்கும். ஆயினும் அந்த விற்பனையில் அவருக்குரிய கடமை யாது என்பதைப் பத்திரம் ஒரு சொல்லாலும் கூறுவதில்லை.

திருப்பூர் மாவட்டத்தில், ஊத்துக்குளிக்கு வடக்கே அமைந்த பேரூர் குன்னத்தூர். பின்னலாடைத் தொழிலால் திருப்பூர் பெருகப் பெருக, அதனைச் சூழ்ந்த ஊர்களிலும் தோட்டங்கள் மனைகளாயின, மனைகள் வீடுகளாயின, வீடுகள் கைமாறலாயின. இவ்வூரின் பழைய பத்திரங்களை அடுக்கிவைத்துப் பார்ப்போர் ஒரு புதுமையைக் காண்பர். ஒரே நிலம் ஒரு பத்திரத்தில் கோயம்புத்தூர் மாவட்டத்தைச் சார்ந்ததாக இருக்கும். 1979ஆம் ஆண்டில் பெரியார் மாவட்டம் பிரிந்த பின்னர் எழுதிய பத்திரத்தில் அப்பெயர் காணப்படும். அதுவே பின்னர் ஈரோடு மாவட்டமாகும். 2009ஆம் ஆண்டிற்குப் பிற்பட்ட பத்திரத்தில் திருப்பூர் மாவட்டம் என்றிருக்கும். நிலம் இருந்த இடத்திலேயே இருக்க, ஏடுகள் மட்டும் அலுவலகம் விட்டு அலுவலகம் சென்றுகொண்டிருந்தன.

இதனினும் பெரியதொரு மாற்றம் தமிழகம் முழுவதும் 1979ஆம் ஆண்டு முதல் 1987ஆம் ஆண்டு வரை நிகழ்ந்தது. நில உடைமைப் பதிவேடுகளைப் புதுப்பிக்கும் திட்டம் என்பது அதன் பெயர். யு.டி.ஆர். என்னும் மூன்றெழுத்தால் சொன்னால்தான் ஊர்மக்களுக்கு விளங்கும். கூட்டாயிருந்த பட்டாக்கள் பிரிக்கப்பட்டன. புல எண்களுக்கு உட்பிரிவுகள் எழுந்தன. பயன் மிகுந்த அப்பெரும்பணியில் சிற்சில பிழைகளும் புகுந்தன. ஒருவர் நிலம் மற்றொருவர் பெயரில் ஏறியது; தடமாக விடப்பட்ட இடம் தனியார் பட்டாவில் அடங்கியது. அப்பிழைகளைத் திருத்தக் கோரும் மனுக்கள் நாற்பதாண்டுகள் கழிந்த பின்னரும் வருவாய்த்துறை அலுவலகங்களுக்கு வந்தவண்ணம் உள்ளன.

இத்தகையதொரு பிழை அண்டை வீட்டாரின் கண்ணில் முதலில் படுமாயின், அவர் செய்யத்தக்கது யாது? ஒரு நிலையைக் கருதிப் பார்க்கலாம். முன்னொரு காலத்தில் ஒரே தோட்டமாயிருந்த நிலத்தில் இரண்டு வீடுகள் உள்ளன. ஒன்றில் கணவனை இழந்த மூதாட்டி ஒருவர் வாழ்கிறார். விசைத்தறிக்காக மகன் பட்ட கடனைத் தீர்க்க வீட்டை விற்க முனைகிறார். விலை பேசியாயிற்று; வரும் வாரம் அச்சாரம் வாங்குவதாக ஏற்பாடு. அடுத்த வீட்டுக்காரர் வங்கிக் கடனுக்காகத் தம் பட்டாவின் படியை எடுத்துப் பார்க்கிறார். மூதாட்டியின் வீடு நிற்கும் உட்பிரிவு, தம் தந்தையார் பெயரிலேயே இருப்பதைக் காண்கிறார். அம்மூதாட்டியின் கிரயப் பத்திரமோ பழையது, பழுதற்றது. பட்டா மட்டுமே பிழை. இதனை அவர் அறியார், வாங்க வந்தவரும் அறியார், தரகரும் அறியார். அறிந்தவர் ஒருவரே. அவரையோ எவரும் ஒன்றும் கேட்கவில்லை.

வாய்திறவாமல் இருப்பதற்கு அவருக்குக் காரணங்கள் பல உண்டு. அவற்றுள் சில மெய்யாகவே வலியுடையன. சொன்னால் விற்பனை தடைப்படலாம். கடன்காரர் காத்திருப்பாரோ என்பது ஐயம். நல்லெண்ணத்தால் சொன்னதும் பொறாமையால் சொன்னதாகத் திரிக்கப்படலாம். “கிரயம் முடியும் வேளையில் குறுக்கே வந்து நின்றான்” என்னும் பழிச்சொல் சிற்றூரில் எளிதில் மறையாது. அன்றியும், வழக்கறிஞர் பார்க்கட்டும், வாங்குபவர் ஆராயட்டும், பிறர் வீட்டு ஏட்டைத் தாம் ஏன் புரட்ட வேண்டும் என்ற எண்ணமும் எழும். இவற்றிற்கெல்லாம் அடியில், வெளியே சொல்ல இயலாத காரணமும் ஒன்று கிடக்கும். பட்டா தம் குடும்பத்தின் பெயரிலன்றோ இருக்கிறது! நாளை ஒரு காலத்தில் அது பயன்படாதா?

சட்டம் இதில் என்ன சொல்கிறது என்று காண்பது நலம். 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் 55ஆம் பிரிவில், வேறு உடன்படிக்கை இல்லாதவிடத்து, விற்பவர்க்கும் வாங்குபவர்க்கும் உரிய கடமைகளை வகுத்துரைக்கிறது. சொத்திலோ உரிமையிலோ உள்ள பெருங்குறையைத் தாம் அறிந்திருந்து, வாங்குபவர் இயல்பான கவனத்தால் அதனைக் கண்டறிய இயலாதாயின், விற்பவர் அதனை வெளிப்படுத்தியே தீரவேண்டும். விற்பவரின் உரிமையை மதிப்பில் மிகவும் உயர்த்தும் செய்தி ஒன்றை வாங்குபவர் அறிந்து, விற்பவர் அறியாதிருப்பதாகக் கருதக் காரணம் இருப்பின், அவரும் வாய்திறந்தே ஆகவேண்டும். இவ்விரண்டையும் மறைத்தல் வஞ்சனை என்று அப்பிரிவே முடிவு கூறுகிறது. இருபுறமும் இவ்வளவு நுணுக்கமாக நோக்கிய சட்டம், மதிலுக்கு அப்பால் நிற்கும் அண்டை வீட்டாரைப் பற்றி ஒன்றும் கூறாது விடுத்தது.

வாளா இருத்தல் எப்போது குற்றமாகும் என்பதை 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் ஒரு குதிரையைக் கொண்டு விளக்குகிறது. நோயுற்ற குதிரையை ஒருவன் ஏலத்தில் விற்கிறான்; நோயைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அது வஞ்சனையன்று. வாங்குபவள் அண்மையில் வயது நிரம்பிய அவன் மகளேயாயின், அவ்வுறவே அவனைப் பேசக் கட்டாயப்படுத்துகிறது. இனி, வாங்குபவன், “நீ மறுக்காவிடில் குதிரை நலமுடையது என்றே கொள்வேன்” என்று கூற, விற்பவன் வாய்மூடி நிற்பானாயின், அவ்வாய்மூடலே பேச்சாகும். ஏட்டுச் சட்டங்களில் இத்துணை உயிருள்ள பகுதி அரிது. வாய்மூடல் ஒன்றே, எதிரே நிற்பவர் யார், அவர் எதனை நம்பி நிற்கிறார் என்பதைப் பொறுத்து அதன் பொருள் மூன்றாகிறது.

இவ்வினா பழைமையானது. உரோமாபுரியின் சொல்லேருழவர் சிசரோ, ஏதென்சில் கல்வி பயின்ற தம் மகனுக்காகக் கி.மு. 44ஆம் ஆண்டில் கடமைகளைப் பற்றி ஒரு நூல் எழுதினார். வீடு விற்போன் கதைகள் அதில் உள்ளன. சென்டுமாலஸ் என்பவருக்குச் சீலியன் குன்றின்மீது உயர்ந்த வீடு இருந்தது. பறவைகளின் போக்கைக் கண்டு நிமித்தம் கூறும் பூசகர்களின் பார்வையை அது மறைத்தது. ஆதலின் மறைக்கும் பகுதியை இடிக்குமாறு அவர்கள் ஆணையிட்டனர். சென்டுமாலஸ் அதனைச் சொல்லாமலே வீட்டை லனாரியஸ் என்பவருக்கு விற்றுவிட்டார். வாங்கியவர்க்கு அதே ஆணை வந்தது, அவர் இடித்தார். பிறகுதான், ஆணை வந்த பின்னரே வீடு விலைக்கு வந்தது என்பது தெரியலாயிற்று. வழக்கை விசாரித்த கேட்டோ, அறிந்திருந்தும் சொல்லாது விற்றவரே இழப்பை ஈடுசெய்தல் வேண்டும் என்று தீர்ப்பளித்தார். இங்கும் பிடிபட்டவர் விற்றவரே. அக்குன்றின்மீது அவருக்கு அண்டை வீட்டார் இருந்தனரா, அவ்வாணை அவர்கள் செவிக்கும் எட்டியதா என்பது கதையில் இல்லை.

அண்டை நிலத்தாரைப் பற்றி நேராகப் பேசியது, திருப்பூரைப் போலவே துணித்தொழிலால் வளர்ந்த ஓர் ஊரின் வழக்கு. இங்கிலாந்தில் கம்பளி நெசவுக்குப் பெயர்பெற்றது ஹட்டர்ஸ்பீல்டு. அங்குப் பெரும்பகுதி நிலத்துக்கு உரியவர் ராம்ஸ்டன். அவர் நிலத்தில் வீடு கட்டிக் குடியிருந்தோர்க்கும் அவர்க்கும் எழுந்த வழக்கு 1866ஆம் ஆண்டில் பிரபுக்கள் சபையில் முடிவுற்றது. குடியிருந்தோர் தோற்றனர். எனினும் கிரான்வொர்த்து பிரபு அன்று எடுத்துரைத்த நெறி ஒன்று இன்றும் நீதிமன்றங்களில் வழங்குகிறது. பிறர் நிலத்தைத் தன் நிலமென்று மயங்கி ஒருவன் கட்டடம் எழுப்புகிறான். நிலத்துக்குரியவன் அம்மயக்கத்தை உணர்ந்தும் தடுக்காது பார்த்திருக்கிறான். பணம் செலவான பின்னர் “இது என் நிலம்” என்று வருவானாயின், நீதிமன்றம் அவனுக்குத் துணைநில்லாது. நாளை பயன்படும் என்று பட்டாவைப் பெட்டிக்குள் வைப்பவர் இதனை அறிதல் வேண்டும். பட்டா ஒன்றே உரிமையைத் தாராது என்பதையும் நம் நாட்டு நீதிமன்றங்கள் பலமுறை கூறியுள்ளன.

ஆகவே சொல்ல வேண்டுமா என்னும் வினா மேற்கூறிய நிலையில் கடினமானதன்று. யாரிடம், எப்போது, எவ்வளவு என்பனவே கடினமானவை. வாங்க வந்தவரிடம் ஓடுதல் தகாது. தரகரிடம் கூறுதல் அதனினும் தகாது. தேநீர்க் கடையிற் பேசுதல் எல்லாவற்றினும் இழிந்தது. வீட்டுக்குரியவரிடமே, தனியே, அச்சாரம் கைமாறுமுன் கூறல் வேண்டும். அச்சாரம் வாங்கிய பிறகு அறிந்த பிழை மூதாட்டிக்கு வழக்காகும்; வாங்குமுன் அறிந்த பிழை ஒரு மனுவோடு முடியும். கையிலுள்ள படியைக் காட்டுவதோடு, கிராம நிர்வாக அலுவலரிடம் உடன் சென்று, “இவ்வுட்பிரிவு எங்களுடையதன்று” என்று எழுதிக் கொடுப்பாராயின், பெரும்பகுதி வேலை முடிந்தவாறே. அக்கடிதத்தை வேறு எவராலும் எழுத இயலாது என்பது நினைக்கத்தக்கது. கிரயம் சில மாதம் தள்ளிப்போகலாம். கடன்காரர் முகம் சுளிக்கலாம். வாங்க வந்தவர் வேறு வீடு பார்த்துப் போய்விடவும் கூடும். அந்த இழப்பு மெய்யே. அதனை இல்லையென்று கூறுதல் பொய்யாகும்.

அறிந்ததைச் சொல்லுதல் வேறு; கேட்டதைச் சொல்லுதல் வேறு. அவ்வீட்டில் குடிபுகுந்தோர் எவரும் செழித்ததில்லை என்பதும், தலைவாயில் தவறான திசையில் உள்ளது என்பதும், பங்காளி ஒருவர் எப்போதோ முணுமுணுத்தார் என்பதும் சிற்றூர்களில் விற்பனையைக் கெடுக்கும் பேச்சுகள். கண்ணால் கண்ட ஏடும், கையால் தொட்டுணர்ந்த ஈரச் சுவரும் ஒருபுறம் நிற்க, காற்றில் வந்த சொற்களை அவற்றோடு சேர்த்து நிறுக்கலாகாது.

ஏட்டுப் பிழைக்கு மனு உண்டு. நீருக்கு அஃதில்லை. குன்னத்தூருக்குத் தெற்கே நொய்யல் ஓடுகிறது. திருப்பூரின் சாயப்பட்டறைக் கழிவு அவ்வாற்றில் கலந்தது. பாசனத்திற்காக அதன் குறுக்கே எழுந்து 1992ஆம் ஆண்டில் பயனுக்கு வந்த ஒரத்துப்பாளையம் அணையில் அக்கழிவு நீர் தேங்கியது. கரையோரத்து நிலமும் கிணறும் உப்பேறின. உழவர்கள் வழக்குத் தொடுத்தனர். 2011ஆம் ஆண்டு ஜனவரி 28ஆம் நாள், கழிவு நீரைச் சிறிதும் வெளிவிடாத நிலை எய்தும்வரை சாயப்பட்டறைகளை மூடுமாறு சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. ஆணை ஒருநாளில் பிறந்துவிட்டது. மண்ணில் இறங்கிய உப்போ அவ்வாறு ஒருநாளில் நீங்குவதன்று.

அத்தகைய நிலத்தில் ஒரு வீடு விலைக்கு வருமாயின் அண்டை வீட்டாரின் நிலை முன்னதினும் இடருடையது. ஏனெனில் குறை ஒரு வீட்டுக்குரியதன்று. அவர் வீட்டுக் கிணற்றுக்கும் உரியது. விற்பவரின் விலையைக் குறைக்கும் உண்மை, நாளை அவர் விலையையும் குறைக்கும். வீதி முழுவதும் வாய்மூடி நிற்பதற்கு அதுவே காரணமாகிவிடும். விற்பவர் குறையை அறிந்தே இருத்தலின் அவருக்குப் புதிதாக உரைக்க வேண்டியது ஒன்றுமில்லை. மறையாது விற்கும்படி அவரிடம் கூறலாம். அவர் கேளாவிடின், வலிந்து சென்று வாங்குபவரைத் தேட வேண்டுமா என்பதில் அறிஞர்க்கும் கருத்து வேறுபடலாம்.

ஆனால் கொங்கு நாட்டில் வீடு பார்க்க வருவோர் பெரும்பாலும் அடுத்த வீட்டையும் ஒருமுறை எட்டிப் பார்த்தே செல்வர். திண்ணையில் அமர்ந்து, “ஏனுங்க, இங்கே தண்ணி எப்படிங்க?” என்று வினவுவர். அப்போது எதிரே நிற்பவர், குதிரைக் கதையின் மூன்றாவது மனிதரே. அவருக்கு நீண்ட விளக்கம் தேவையில்லை. விற்பவரைக் குறைகூறவும் வேண்டுவதில்லை. குழாயில் வந்து பானையில் நிறைத்துவைத்த குடிநீரை விடுத்து, கிணற்றிலிருந்து ஒரு செம்பு நீர் இறைத்து அவர் கையில் கொடுத்தால் போதும்.