சொந்த வண்டிக்கு ஏற்ற பழுதுபார்ப்புப் புத்தகம்



ஜொகூரில் கடை வைத்துப் பிழைக்கும் நம்மவருக்கு வண்டி ஆடம்பரப் பொருளன்று. ஜொகூர் பாருவில் எடுத்த சரக்கைக் குளுவாங்குக்கும் பத்து பகாட்டுக்கும் கொண்டு சேர்ப்பது அதுதான். ஜும்ஆவுக்குப் பிள்ளைகளை ஏற்றிச் செல்வதும் அதுதான். அது நின்றால் வியாபாரமும் நிற்கும். ஆகவே எஞ்சின் ஆயில் மாற்றுதல், பிளக் மாற்றுதல், பிரேக் தேய்மானம் பார்த்தல் போன்ற வேலைகளைத் தம் கையாலேயே செய்துகொள்ள விரும்பும் சகோதரர்கள் பலர். நல்ல எண்ணந்தான். ஆனால் வழிகாட்டும் புத்தகம் தவறானதாக இருந்தால், மிச்சம் பிடிக்க நினைத்த ஐம்பது வெள்ளி ஐந்நூறு வெள்ளிச் செலவில் முடியும். பிரேக் விஷயத்தில் பிசகினாலோ உயிருக்கே ஆபத்து. ஒட்டகத்தைக் கட்டிய பிறகே தவக்குல் வைக்கும்படி போதிக்கப்பட்டவர்கள் நாம். எனவே இவ்விஷயத்தைச் சற்று விவரமாகக் கவனிப்போம்.

இப்புத்தகங்கள் மூன்று வகை. முதலாவது, வண்டியோடு கிடைக்கும் உரிமையாளர் கையேடு. டயர் காற்றழுத்தம், ஆயில் ரகம், பியூஸ் இருக்குமிடம் ஆகியவை இதில் உண்டு. பழுது நீக்கும் முறை இராது. இரண்டாவது, வண்டி செய்த கம்பெனியே வெளியிடும் பட்டறைப் புத்தகம். அளவுகளுக்கு இதைவிட நம்பகமானது இல்லை. ஆனால் இது தொழில் கற்ற போமன்களுக்காகவும், தனிக் கருவிகள் உள்ள பட்டறைகளுக்காகவும் எழுதப்பட்டது. மூன்றாவது, வண்டி வைத்திருக்கும் சாதாரண மனிதருக்கென்றே எழுதப்பட்டது. ஜான் ஹேன்ஸ் என்ற ஆங்கிலேயர் 1965 இல் விமானப்படை அதிகாரியாக ஏடனில் இருந்தபோது, நண்பர் ஒருவரின் ஆஸ்டின் ஹீலி ஸ்பிரைட் காரைச் சீர்செய்ய உதவினார். கம்பெனிப் புத்தகம் சாதாரண மனிதருக்கு உதவாது என்பதை அப்போது கண்டார். வண்டியைப் பிரித்து மாட்டி, ஒவ்வொரு படியையும் படம் பிடித்து, 1966 இல் அதைப் புத்தகமாக வெளியிட்டார். புதிதாகக் கற்பவர் இவ்வகையில் தொடங்குவதே நலம்.

அடுத்தது மிக முக்கியமானது: காரின் பெயரை மட்டும் நம்பிப் புத்தகம் வாங்கக் கூடாது. நம் நாட்டில் 1993 இல் வந்த புரோட்டோன் விரா, பிரிட்டனில் ‘பெர்சோனா’ என்ற பெயரில் விற்கப்பட்டது. இங்கே பெர்சோனா என்று 2007 இல் வந்ததோ முற்றிலும் வேறு கார். அங்கே அச்சான பழைய பெர்சோனா புத்தகம் விராக்காரருக்கு உதவும். நம் பெர்சோனாக்காரருக்கு உதவாது. சாகாவும் அப்படியே. 1985 இல் வந்த சாகாவில் இருந்தது மிட்சுபிஷியின் 4ஜி13 எஞ்சின். 2008 இல் வந்த சாகாவில் இருந்தது கேம்ப்ரோ எஞ்சின். பெயர் ஒன்று, வண்டி இரண்டு.

ஆகையால் கடைக்குப் போகுமுன் வண்டியின் ஆண்டு, எஞ்சின் குறியெண், கியர் வகை இம்மூன்றையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பழைய வண்டியாயின், ஜே.பி.ஜே. பதிவில் உள்ள எஞ்சின் எண்ணையும் எஞ்சினில் பொறித்துள்ள எண்ணையும் ஒப்பிடுங்கள். ஜப்பானிலிருந்து வந்த ‘ஹாப்கட்’ எஞ்சின் மாட்டிய வண்டிகள் நம் பக்கத்தில் அநேகம். எஞ்சின் மாறியிருந்தால் புத்தகமும் மாறவேண்டும்.

பருப்பு மூட்டை வாங்குமுன் குத்தூசி போட்டுப் பார்க்கிறோமல்லவா? புத்தகத்தையும் அவ்வாறே சோதிக்கலாம். பிரேக் பேட் மாற்றும் பகுதியைத் திறந்து பாருங்கள். தேவையான கருவிகள் முதலில் சொல்லப்பட்டுள்ளனவா? படங்கள் தெளிவா? குறைந்தபட்சத் தடிமன் உண்டா? போல்ட்டை எவ்வளவு இறுக்குவது என்ற அளவு உண்டா? ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கடியில் போகாதே என்ற எச்சரிக்கை உண்டா? இவை இல்லாத புத்தகத்தை அலமாரியிலேயே வைத்துவிடுங்கள். பிறகு டைமிங் பகுதியைப் பாருங்கள். 1985 சாகாவின் எஞ்சினில் இருப்பது பெல்ட். 2005 மைவியின் 1.3 லிட்டர் எஞ்சினில் இருப்பது சங்கிலி. புத்தகம் மாற்றிச் சொன்னால் அது உங்கள் வண்டிக்குரியதன்று.

இறுக்கும் அளவைப் படிக்கும்போது நிறுவையில் காட்டும் கவனம் தேவை. ஓர் அடி-பவுண்டு ஏறக்குறைய 1.36 நியூட்டன் மீட்டர். 60 அடி-பவுண்டு என்றால் சுமார் 81 நியூட்டன் மீட்டர். ஒன்றை மற்றொன்றாகக் கொண்டால் போல்ட் தளர்ந்து கழலும், அல்லது இறுகி முறியும்.

கைப்பேசியில் சுற்றிவரும் நகல்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. எந்த ஆண்டு வண்டிக்கு என்று சொல்லும் முதற்பக்கமே பலவற்றில் இராது. மேலும், பிறர் உழைத்து விற்கும் பொருளை விலை கொடுக்காமல் எடுப்பது வியாபாரியான நமக்கு அழகன்று. பழைய புத்தகமாயினும் காசு கொடுத்தே வாங்குவோம்.

கடைசியாக, எந்த வேலையில் கை வைக்கக் கூடாது என்பதையும் நல்ல புத்தகம் சொல்லும். ஏர்பேக் வேலையைப் போமனிடமே விடுங்கள். பிரேக் எண்ணெய்க் குழாய்களைக் கழற்றும் வேலையையும், தேர்ச்சி பெறும்வரை, அவரிடமே விடுங்கள். அப்போதும் அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டே பட்டறைக்குப் போங்கள். எந்தச் சாமான் மாற்றப்படுகிறது, ஏன் மாற்றப்படுகிறது என்பது விளங்கும்.